விழாப்பாட்டின் இராகமும் காலப்பிரமாணமும்

ஸ்பெயின் தேசத்து மக்கள் கிறிஸ்து பிறப்பு விழாவில் பாடும் நாட்டுப்பாடல் ஒன்றுண்டு. 'ஆற்றிலுள்ள மீன்கள்' என்பது அதன் பெயரின் பொருள். இயற்றியவர் பெயரின்றி வழங்கும் அப்பாடலை ஸ்பெயினிலும், ஸ்பானிய மொழி பேசும் அமெரிக்க நாடுகளிலும் அறியாத குழந்தை இல்லை எனலாம். கன்னி மரியாள் திரைச்சீலைகளின் நடுவே அமர்ந்து தலைவாருகிறாள். அவள் கூந்தல் பொன், சீப்பு வெள்ளி. பிள்ளையின் துணிகளைத் துவைத்துச் செடியின்மேல் உலர்த்துகிறாள். ஆற்றிலுள்ள மீன்களோ ஆண்டவர் பிறந்ததைக் கண்டு களிகூர்ந்து நீரைக் குடிக்கின்றன, மறுபடியும் மறுபடியும் குடிக்கின்றன. பாட்டின் பொருள் இவ்வளவே. இறையியல் நுட்பம் ஏதும் அதில் இல்லை. மீன்கள் ஏன் குடிக்கவேண்டும் என்று கேட்டால் பாடுகிறவர்களே சிரித்துவிடுவர். ஸ்பெயினின் தென்பகுதியில் இத்தகைய பாடல்களுக்குச் 'சம்போம்பா' என்னும் கருவியை இசைப்பர். பானையின் வாயைத் தோலால் மூடி, அதன் நடுவில் கட்டிய கோலை ஈரக்கையால் உருவினால் உறுமலோசை எழும். நம் உறுமி மேளத்திற்குத் தூரத்து உறவினர் என்று அதனைச் சொல்லலாம்.

இப்பாடலின் சுரங்களை ஆர்மோனியத்தில் வைத்துப் பார்ப்பவர் சற்றுத் திகைப்பர். மேனாட்டார் 'மைனர்' என்று வழங்கும் சுரவரிசையில் அது அமைந்திருக்கிறது. நம் மேளகர்த்தா அட்டவணையில் 21ஆம் மேளமாகிய கீரவாணி அதற்கு அண்மையானது. இராகம் என்பது சுரவரிசை மட்டுமன்று, கமகமும் பிரயோகமும் கூடியே இராகமாகும் என்பதை மறவாமலே இவ்வொப்புமையைக் கூறுகிறோம். மைனர் என்றால் துயரம், மேஜர் என்றால் மகிழ்ச்சி என்று நம் பாடகர் குழுக்களில் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்து வந்திருக்கிறோம். அவ்விதியின்படி அம்மீன்கள் அழவேண்டும். அவை அழவில்லை, குடித்துக் களிக்கின்றன.

இதனை இசை வல்லுநருக்குரிய ஒரு வினோதம் என்று ஒதுக்கிவிடலாகாது. மதுராந்தகம், கருங்குழி, அச்சிறுபாக்கம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த சிற்றூர்ச் சபைகளில் டிசம்பர் மாதத்தில் நடைபெறும் கீதபவனிகளை அறிந்தவர்களுக்கு நாம் சொல்லவருவது விளங்கும். மூதாட்டிகள் கும்மி மெட்டிலும் சிந்து மெட்டிலும் பாடிவந்த பிறப்புப் பாடல்கள் ஒவ்வொன்றாகப் பவனியிலிருந்து நீங்கி வருகின்றன. காரணம் கேட்டால், "அந்த மெட்டு இழவுவீட்டு மெட்டுப் போலிருக்கிறது, ஐயா, விழாவுக்கு ஒவ்வாது" என்று இளைஞர் சங்கத்தார் விடையளிக்கின்றனர். ஆயர்களும் அதற்குத் தலையசைக்கின்றனர். சாதாரண காந்தாரம் கேட்டமாத்திரத்தில் பாட்டுக்குத் துக்கப் பட்டம் சூட்டுவது நியாயமா என்பதே நம் ஆய்வின் பொருள்.

மேற்படி விதி எங்கிருந்து வந்தது என்பதை முதலில் நோக்குவோம். 1558ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் வெளியான ஓர் இசையிலக்கண நூலில் ஜார்லினோ என்பவர், அந்தர காந்தாரம் பொருந்திய சுரக்கூட்டுகள் உவகையுடையன என்றும், சாதாரண காந்தாரம் பொருந்தியவை துயரச்சாயலுடையன என்றும் பிரித்துரைத்தார். பல குரல்கள் ஒருங்கே ஒலிக்கும் இசைக்குரிய கூற்று அது. பின்வந்தோர் அதைச் சுருக்கிச் சுருக்கிப் பாடசாலைச் சூத்திரமாக்கிவிட்டனர். ஆர்மோனியத்தோடும் நான்கு குரல் ஞானப்பாட்டுகளோடும் அச்சூத்திரம் நம் ஆலயங்களுக்குள் நுழைந்தது. ஜார்லினோ கும்மியடிப்போரை மனத்தில் வைத்து எழுதினாரல்லர். நாமோ கும்மியை அவருடைய தராசில் நிறுக்கிறோம்.

சுரவரிசை மாறாதிருக்க, மனநிலை முற்றிலும் மாறிவிடக்கூடும் என்பதற்கு அதே ஸ்பெயினிலிருந்து வேறொரு சான்று காட்டலாம். அந்நாட்டின் வடகிழக்கிலுள்ள கத்தலோனியாவில் 'பறவைகளின் பாட்டு' என்னும் பழைய கிறிஸ்து பிறப்புப் பாடல் வழங்கிவருகிறது. இதுவும் மைனர் சுரவரிசையில் அமைந்ததே. பிறப்பின் இரவில் பேரொளி தோன்றக் கண்ட பறவைகள், கழுகு முதல் குருவி ஈறாகத் தத்தம் மொழியில் பாடி மகிழ்கின்றன. சொற்களை மட்டும் படித்தால் இதைவிடக் குதூகலமான விழாப்பாட்டு இருக்கமுடியாது. ஆயினும் உலகம் இப்பாட்டை அறிந்தது களிப்பின் பாட்டாக அன்று. கத்தலோனியராகிய பாப்லோ காசல்ஸ் (1876–1973) என்னும் செல்லோ வாத்திய மேதை, உள்நாட்டுப் போரின் முடிவில் 1939இல் தாய்நாட்டைத் துறந்தார். பிராங்கோவின் ஆட்சி நீடிக்கும்வரை திரும்புவதில்லை என்று உறுதிபூண்டு, எல்லைக்கு அப்பால் பிரான்சிலுள்ள பிராட் என்னும் சிற்றூரில் வாழ்ந்தார். தம் கச்சேரிகளின் இறுதியில் அவர் பறவைகளின் பாட்டைச் சொற்களின்றி, மிக விளம்பகாலத்தில் வாசிப்பதை வழக்கமாகக் கொண்டார். 1961 நவம்பர் 13 அன்று அமெரிக்க அதிபர் கென்னடியின் மாளிகையில் அதை வாசித்தார். 1971 அக்டோபர் 24 அன்று, தமது 94ஆம் வயதில், ஐக்கிய நாடுகள் மன்றத்தில் அதை வாசிக்குமுன், தம் நாட்டுப் பறவைகள் விண்ணில் 'சமாதானம், சமாதானம்' என்றே பாடுகின்றன என்று விளக்கினார். கேட்டவர் கண்களில் நீர் நிறைந்தது வியப்பன்று. அவர் காலமாகி, பிராங்கோவும் மறைந்தபின், 1979இல் அவருடைய உடல் சொந்த ஊராகிய வென்ட்ரெலுக்குக் கொண்டுவரப்பட்டது.

மீன்களின் பாட்டும் பறவைகளின் பாட்டும் ஒரே தேசத்தன, ஒரே விழாவுக்குரியன, ஏறத்தாழ ஒரே சுரவரிசையின. ஒன்று தெருவில் துள்ளுகிறது. மற்றொன்று காசல்ஸின் கையில் நாடிழந்தவனின் பெருமூச்சாயிற்று. காந்தாரம் இதற்குக் காரணமன்று என்பது வெளிப்படை. காலப்பிரமாணம் வேறு, பாடுவோர் நிலைமை வேறு, பாட்டைக் கையாளும் நோக்கம் வேறு. இம்மூன்றையும் விட்டுவிட்டுச் சுரவரிசையை மட்டும் விசாரணைக் கூண்டில் நிறுத்துவது முறையன்று.

இவ்வுண்மையை அறியும்பொருட்டு நாம் ஸ்பெயின் வரை செல்லவேண்டியதில்லை. முகாரி அழுகைக்குரிய இராகம் என்பது தமிழ்நாட்டில் பாமரரும் அறிந்த செய்தி. ஆயின் தியாகராஜர் (1767–1847) சபரி பெற்ற பாக்கியத்தை எப்படி வருணிப்பேன் என்று வியந்து மகிழும் கீர்த்தனையை முகாரியிலேயே அமைத்தார். இராமனைக் கண்ணாரக் கண்டு, கனிகளைப் படைத்து, மறுபிறவியற்ற நிலையை அடைந்த ஒரு வேடுவ மூதாட்டியின் பேறு அதன் பொருள். இங்கே அழுகை எங்கே இருக்கிறது? நெடுநாள் காத்திருந்தவளுக்குக் கிட்டிய மகிழ்ச்சியாதலின் அதில் ஈரம் இருக்கிறது, அவ்வளவே. சங்கீத வித்துவான்கள் இக்கீர்த்தனையைக் காட்டியே முகாரியின்மேல் சுமத்தப்பட்ட பழியை மறுப்பது வழக்கம். கோவில் வித்துவான்கள் அறிந்த இதனை ஆலயப் பாடகர்கள் அறியாதிருப்பது வருந்தத்தக்கது. சிமியோனும் அன்னாளும் ஆலயத்தில் குழந்தையைக் கண்ட காட்சிக்கு (லூக்கா 2) எந்த மேஜர் மெட்டைக் காட்டிலும் இத்தகைய ஈரமுள்ள இராகமே பொருந்தும் என்பது நம் கருத்து.

நம் கீர்த்தனைப் புத்தகத்தை எடுத்து நோக்குவோம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) தியாகராஜரின் காலத்தவர். அவர் வாழ்ந்த சோழநாட்டுச் சங்கீதச் சூழலிலேயே வாழ்ந்தவர். குறவஞ்சியும் நொண்டி நாடகமும் ஆகிய ஆடற்குரிய வடிவங்களைச் சுவிசேஷத்துக்கு எடுத்தாண்டவர். பெத்தலகேம் குறவஞ்சி உட்கார்ந்து பாடுவதற்கென்று பிறந்த நூலன்று. 1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர் கீர்த்தனைகளைத் திரட்டி அச்சேற்றியபோது சாஸ்திரியாரின் பாடல்கள் அதில் பெரும் இடம் பெற்றன. அன்றுமுதல் ஒரு திருச்சபையிலிருந்து மற்றொன்றுக்கு அப்பாடல்கள் பரவின. இது பெரும் நன்மை. ஆனால் நம் புத்தகங்களில் பாட்டின் தலைப்பில் இராகத்தின் பெயரும் தாளத்தின் பெயருமே காணப்படுகின்றன, காலப்பிரமாணம் குறிக்கப்படுவதில்லை. ஆதி தாளம் என்றால் எட்டு எண்ணிக்கை என்று அறிகிறோம். அந்த எட்டை எவ்வளவு நேரத்தில் எண்ணுவது? ஆடுகிறவர்களின் கால்கள் அதனை அறிந்திருந்தன. ஆட்டம் நின்று, பெஞ்சுகள் வந்து, ஆர்மோனியம் நீண்ட மூச்சோடு துணைசெய்யத் தொடங்கியபின், சிந்துகள் ஞாயிறு காலை ஞானப்பாட்டுகளைப் போல இழுபடலாயின. அப்படி இழுத்துப் பாடிய பின்னரே "இது சோகமாக இருக்கிறது" என்னும் தீர்ப்பு எழுந்தது. குற்றம் பாட்டினுடையதா, இழுத்தவருடையதா?

இதே குறையை நாம் வேதாகமத்திலும் காணலாம் என்பது சுவையான செய்தி. 45ஆம் சங்கீதம் மன்னனின் திருமணப் பாடல். 69ஆம் சங்கீதம் கழுத்துமட்டும் வெள்ளம் ஏறியவனின் கூக்குரல். ஆயினும் இரண்டின் தலைப்பிலும் 'சோஷனீம்' என்னும் ஒரே குறிப்பு வருகிறது. லீலி மலர்கள் என்பது அதன் பொருள். நம் பழைய மொழிபெயர்ப்பு அதை ஒரு வாத்தியத்தின் பெயராகக் கொண்டது. அது அன்று வழங்கிய ஒரு மெட்டின் பெயர் என்று இக்காலத்து அறிஞர் பலர் கருதுகின்றனர். அவ்வாறாயின் மணவறைக்கும் மரணவெள்ளத்துக்கும் இஸ்ரவேலர் ஒரே மெட்டைக் கையாண்டனர் என்றாகிறது. தலைப்பில் மெட்டு இருக்கிறது, இராகத்தலைவனுக்கு ஒப்புவித்த குறிப்பும் இருக்கிறது, வேகம் குறிக்கப்படவில்லை. வேகத்தை இராகத்தலைவன் அறிவான் என்று விட்டுவிட்டனர் போலும்! இராகத்தலைவன் என்னும் அருமையான சொல்லை நம் மொழிபெயர்ப்பாளர் ஆக்கித் தந்திருக்க, அப்பதவிக்குரிய பொறுப்பை நாம் கீபோர்டின் பொத்தானிடம் ஒப்படைத்திருக்கிறோம்.

லுத்தரன் மரபில் வந்த வாசகர்கள் பாக் என்னும் இசைமேதையை நினைவுகூரலாம். 1734ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளில் லைப்சிக் நகரில் தொடங்கி, 1735 ஜனவரி 6 வரை ஆறு நாட்களில் பாடப்பட்ட அவருடைய பெரும் படைப்பில், பாடுகளின் வெள்ளிக்கிழமைக்குரியது என்று நாம் எண்ணும் ஞானப்பாட்டு மெட்டு இருமுறை வருகிறது. முதல்முறை அமைதியாகவும், இறுதியில் எக்காளங்களும் பேரிகைகளும் முழங்க வெற்றிப் பாட்டாகவும் அது ஒலிக்கிறது. அந்த மெட்டோ 1601இல் ஹாஸ்லர் வெளியிட்ட ஒரு காதற் பாட்டிலிருந்து வந்தது! காதல், பாடு, பிறப்பு என மூன்று வீடுகளில் அது குடியிருந்திருக்கிறது.

இனி, நம் பகுதிக்கே மிக நெருங்கிய சான்றாகிய பறைக்கு வருவோம். ஒரே தோல், ஒரே சட்டம், ஒரே குச்சிகள். வைக்கோல் தீயில் காய்ச்சி இறுக்கிய அதே பறை சாவுக்கும் ஒலிக்கிறது, திருவிழாவுக்கும் ஒலிக்கிறது. அடி மாறுகிறது; அடியைக் கேட்டமாத்திரத்தில் தெருக்கோடியில் இருப்பவரும் செய்தி இன்னதென்று அறிந்துகொள்வர். இராகமே இல்லாத கருவி துக்கத்தையும் களிப்பையும் ஐயத்துக்கு இடமின்றி வேறுபடுத்திக் காட்டுமாயின், மனநிலையைத் தோற்றுவிப்பதில் தாளத்துக்கும் விரைவுக்கும் உள்ள பங்கு எத்துணைப் பெரிது என்பது புலனாகும்.

ஆனால் பறையைப் பற்றிப் பேசும்போது இசையிலக்கணத்தோடு நின்றுவிட முடியாது. செங்கற்பட்டு மாவட்டத்துச் சபைகளில் மிகப் பல, நிலமற்ற தலித் மக்களிடையே தோன்றியவை. அம்மக்களின் நிலைமையை ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அறிக்கையாக எழுதினார்; 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணைக்கு அது வழிகோலியது. பறை அவர்களுக்கு விருப்பக்கலையாக மட்டும் இருந்ததில்லை. ஊராரின் சாவுக்கு அடித்தே தீரவேண்டிய ஊழியமாகவும் சுமத்தப்பட்டிருந்தது. கிறிஸ்தவர்களானபின் பலர் அதைத் தொடமறுத்ததன் நியாயம் இது. அம்மறுப்பை நாம் இகழத் துணியோம். மறுபுறம், மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாப்பிலஸ் அப்பாவு ஐயர் (1940–2005), பரட்டை என்று அன்போடு அழைக்கப்பட்டவர், நாட்டுப்புற மெட்டுகளையே வழிபாட்டின் மொழியாக்கினார். நாட்டுப்பாட்டைப் பாடுவோர் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ள இயலும், அவ்வுரிமையே அதன் விடுதலை ஆற்றல் என்பது அவர் கொள்கை. கர்நாடக இசையைப் பற்றிய அவருடைய கடுமை முழுவதையும் நாம் ஏற்றுக்கொள்ள இயலாது. சாஸ்திரியாரை இழந்து நாம் வாழமுடியாதன்றோ! ஆயினும் எந்த மெட்டு விழாவுக்குத் தகுந்தது என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்குரியது என்று அவர் எழுப்பிய வினா இன்றும் நம்முன் நிற்கிறது. இழவுவீட்டு மெட்டு என்று தள்ளப்படுவன எவருடைய வீடுகளில் பிறந்த மெட்டுகள் என்று எண்ணிப்பார்த்தால், தீர்ப்பு முழுவதும் காதினால் மட்டும் வழங்கப்பட்டதன்று என்பது விளங்கும்.

பழைய மெட்டுகளை நீக்கிய இடத்தில் நாம் வைத்திருப்பது யாது? திரைப்படப் பாணியில் அமைந்த மேஜர் மெட்டுகள்; கீபோர்டில் முன்கூட்டியே பதிந்துவைத்த தாளம்; சரக்கு வண்டியின்மேல் ஒலிபெருக்கி. விரைவு இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் விழாப்பாட்டின் விரைவு என்பது எண்ணிக்கையில் மிகுதல் அன்று. மீன்களின் பாட்டைத் தெருவில் பாடுவோர் தம் நடைக்கும் கைத்தட்டலுக்கும் தக்கவாறு பாடுகின்றனர். கும்மியின் திஸ்ர நடை, குனிந்து நிமிர்ந்து கைகொட்டும் உடம்பு நிர்ணயித்த நடை. இரவில் மதுராந்தகம் ஏரிக்கரைப் பக்கத்துச் சாலைகளில் வீடுவீடாகச் செல்லும் பவனியில் ஆறு வயதுச் சிறுவனும் உண்டு, அறுபது கடந்த அம்மையாரும் உண்டு. அவர்கள் மூச்சிரைக்காமல் நடந்துகொண்டே பாடக்கூடிய வேகம் எதுவோ அதுவே அப்பாட்டின் காலப்பிரமாணம். இயந்திரம் அந்த நடைக்குக் காத்திருப்பதில்லை. முடிவில் இளைஞர் நால்வர் ஒலிவாங்கியில் பாட, மற்றையோர் பின்னால் பேசிக்கொண்டு வருகின்றனர். இசை களிப்புடையதாக ஒலிக்கிறது, சபையோ பாடவில்லை.

சுருதியைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். ஆண்கள் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு கட்டையில் பாடுவர். பெண்களுக்கு ஐந்து, ஆறு கட்டை இயல்பு. கும்மிப் பாடல்கள் பெண்களின் சுருதியில் பிறந்தவை. ஆர்மோனியக்காரர் தமக்கு வசதியான கட்டையில் தொடங்கினால் பெண்கள் அடிக்குரலில் முணுமுணுக்க நேரிடுகிறது. அம்முணுமுணுப்பையும் சோகம் என்றே கேட்போர் எண்ணிவிடுகின்றனர். இராகத்தை மாற்றாமல், தாளத்தை மாற்றாமல், சுருதியை உயர்த்தி ஆண்களை ஒதுங்கிப் பாடச்செய்தாலே பல பாடல்கள் உயிர்பெறுவதை இப்பகுதிச் சபைகளில் நாம் கேட்டிருக்கிறோம்.

ஆகவே, திருவருகைக் காலப் பாடற்கையேடுகளைத் தயாரிக்கும் ஆயர்களுக்கும் உபதேசியார்களுக்கும் ஒரு வேண்டுகோள். இராகம், தாளம் என்னும் இரண்டோடு மூன்றாவதாக ஒரு குறிப்பைச் சேர்ப்பீர்களாக: 'நடந்து பாடுக', 'கும்மியடித்துப் பாடுக', 'தொட்டிலாட்டிப் பாடுக' என்பன போன்ற எளிய குறிப்புகளே போதும். பெண்களின் கட்டையையும் அருகில் எழுதுக. ஒரு மெட்டை நீக்குமுன் அதை அறிந்த மூதாட்டியை அழைத்து, அவருக்குரிய சுருதியில், அவருக்குரிய வேகத்தில் ஒருமுறை பாடச்சொல்லிக் கேட்பீர்களாக. கேட்டபின்னும் அது துக்கமாகவே தோன்றுமாயின், பெரிய வெள்ளிக்கு வைத்துக்கொள்ளலாம்.